அப்பாவின் காலில் கட்டு மாறும் மர்மம்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முதலில் கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள். இதை யாருக்கும் காட்டாதீர்கள், மாமாவுக்குக்கூட. மாமா நல்லவர்தான், ஆனால் அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள். இங்கும் அனைவரும் நலம், அப்பாவின் இடது காலைத் தவிர. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வாளிதான் காரணம்.

மூன்று வாரத்துக்கு முன் அப்பா சோபா பட்டறையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் அடியில் சிவப்பாக இருந்தது. ஷூவைக் கவிழ்த்தால், சோபாவுக்குத் துணி அடிக்கிற சின்ன ஆணி ஒன்று விழுந்தது. "அட, காலையிலேர்ந்து இவனும் என்கூடவே சுத்தியிருக்கான் பாரு, டிக்கெட்டே எடுக்காம!" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம்தான் பயம் வந்தது. நாள் முழுக்க ஆணிமேல் நின்ற மனிதருக்கு எப்படி அத்தை வலிக்காமல் இருக்கும்? "வலிக்கலைன்னா நல்லதுதானே? சர்க்கரை வந்து எட்டு வருஷமாச்சு, கால் மரத்துப்போச்சு, அவ்வளவுதான். இதை யார்கிட்டயும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது, முக்கியமா உங்க அத்தைகிட்ட. அவ ஆஸ்பத்திரியில கட்டுப் போடுற வார்டுல இருக்கா. பார்த்தான்னா காலை வெட்டிட்டுத்தான் மறுவேலை பார்ப்பா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பேனாவைத்தான் திறந்திருக்கிறேன். இது சத்தியத்தை மீறியதாகுமா என்று எனக்கே தெரியவில்லை.

வலி என்பது உடம்பு அடிக்கிற எச்சரிக்கை மணி என்று அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு மணி அடிக்கவில்லை. அப்படியென்றால் ஆபத்து இல்லையா, இல்லை மணியே அறுந்துபோய்விட்டதா? டீச்சரிடம், "ஒருத்தருக்குக் கால் புண் வலிக்கவே இல்லைன்னா?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். அவர் என்னையே மேஜைமேல் உட்கார வைத்து, வகுப்பு முழுக்கப் பார்க்க, இரண்டு ஷூவையும் கழற்றச் சொல்லி விரல் விரலாகப் பார்த்துவிட்டு, "நகத்தை வெட்டு முதல்ல" என்றார். அதற்குமேல் நான் அறிவியலிடம் எதுவும் கேட்கவில்லை.

புண் ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் அப்பா சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கிப்போனதும், நானே மருந்து தடவி, துணி சுற்றி, என் பள்ளிக்கூட ரிப்பனால் கட்டிவிடுகிறேன். அவருக்குத் தெரிவதே இல்லை. மர்மம் இனிமேல்தான். காலையில் பார்த்தால் ரிப்பன் இல்லை! வெள்ளைத் துணியில் வேறு கட்டு, ஓரத்தில் ஊக்கு! அப்பாவாக இருக்காது, தொந்தி குறுக்கே நிற்பதால் அவருக்குத் தன் பாதம் தெரிந்தே பல வருடம் ஆகிறது. அவரோ கட்டையே கவனிக்காமல் அதன்மேல் சாக்ஸை மாட்டிக்கொண்டு போகிறார். அம்மாவாகவும் இருக்காது, அவளுக்கு விஷயமே தெரியாது. ரிப்பன் மட்டும் துவைத்து மடித்து என் பையில் இருக்கிறது. பேய்க்குக் கட்டுப் போடத் தெரியுமா அத்தை? தெரிந்தாலும் ரிப்பனைத் துவைக்குமா?

நேற்றிலிருந்து ஒரு வாடை வருகிறது. சுண்டுவிரல் பக்கம் கறுப்பாக இருக்கிறதா, நிழலா என்று டார்ச் வெளிச்சத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக வருவது போல வந்து, தற்செயலாக அந்தக் காலைப் பார்க்க வேண்டும். நீங்கள் உண்மையிலேயே வெட்டிவிடுவீர்களா? இதை உங்கள் மகளின் பையில் கணக்கு நோட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். மாமாவுக்கும் வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நான் கடிதம் எழுதியதைச் சொல்லாமல் சொல்லுங்கள். இப்படிக்கு, உங்கள் அன்புள்ள அண்

யாரோ கதவைத் தட்டு

பின்குறிப்பு: அம்மா! கையில் பஞ்சு, வெள்ளைத் துணி, வாயில் ஊக்கு. மருந்துப் பெட்டி குளியலறையில்தானே இருக்கிறது. "ரிப்பன் கட்டினது நீயாடி? நான் அவரே கட்டிக்கிட்டார்னுல்ல நெனச்சேன்! எனக்குத் தெரியாதுன்னு நிம்மதியா இருக்கட்டும்னு விட்டேன்" என்றாள். இரண்டு பேரும் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். நிழல் இல்லை அத்தை. அம்மா இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை எல்லாம் வேண்டாம், விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

ஆகையால் யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதியதை மறந்துவிடுங்கள். பெரிய டாக்டருக்குக் காட்டுங்கள். இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு எதிரில் நிற்பவர் அப்பாதான். பக்கத்தில் அம்மா நிற்கிறாள். உறையில் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டிய என் பள்ளிக்கூட விண்ணப்பம் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பிரித்துப் படித்திருக்க முடியாது, கண்ணாடி அம்மாவின் பையில் இருக்கிறது. உடனே உட்கார வைத்து, இடது கால் சாக்ஸைக் கழற்றுங்கள். கத்தரிக்கோலை மட்டும் அவர் கண்ணில் படாமல் வையுங்கள்.