கல்க்பிரென்னர் என்ன ஆளுங்க?

பெயர் விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் நன்றாக விளைகிறது. மழை பொய்த்தாலும் இது பொய்ப்பதில்லை. பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் நீங்கள் கண்ணை மூடப் போகும் நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டை மடியில் மடித்துப் போட்டுக்கொண்டு, "தம்பி பேரு?" என்று கனிவாகக் கேட்கிறாரே, அவர்தான்.

சொல்லிவிட்டால் விட்டுவிடுவார் என்றா நினைக்கிறீர்கள்? அன்பழகன் என்றால் அவர் முகம் வாடிவிடும். அன்பும் அழகும் யாருக்கு வேண்டுமானாலும் இருந்து தொலைக்கலாம், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? ஆகவே அப்பா பெயர் கேட்பார். அப்பா பெயர் ராஜா என்று அதுவும் கைவிட்டால் தாத்தா பெயர். பிறகு ஊர், ஊரில் எந்தத் தெரு, தெருவில் கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, பெண் எடுத்தது எங்கே, குலசாமி எது, அதற்குக் கிடா உண்டா பொங்கல் மட்டும்தானா என்று, உங்கள் நலனில் அக்கறை உள்ளவர் போலவே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, பஸ் அரியலூருக்குள் நுழைவதற்குள் "ஓகோ" என்பார். முடிந்தது. உங்கள் ஏழு தலைமுறையும் அந்த ஓகோவில் அடக்கம். கேட்க நினைத்த அந்த ஒரே கேள்வியை மட்டும் அவர் கேட்கவே மாட்டார். அது அநாகரிகமாம்.

எங்கள் எறையூரில் இந்த இனத்தின் தலைமகன் இளையபெருமாள். ஏதோ ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியே ஓய்வு பெற்றவர். எந்தப் பெயருக்கும் காரணம் சொல்வார். வரதராஜன்பேட்டைக்கு எந்த வரதராஜன்? நேரில் பழகியவர் போல் சொல்வார். அடுத்த வாரம் கேட்டால் வேறொரு வரதராஜனைச் சொல்வார். அவனோடும் பழகியிருப்பார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு ஜெர்மன் பெயர் வந்து மாட்டியது. அவருடைய சித்தப்பா மகள் அமிர்தவல்லி. அவள் கணவர் அழகேசன், கரும்பு விவசாயி, என் பக்கத்து வீட்டுக்காரர். அவர்களுடைய ஒரே மகள் சுகன்யா ஜெர்மனியில் இன்ஜினியர். கூட வேலை பார்க்கும் லூகாஸ் கல்க்பிரென்னர் என்பவரைத்தான் கட்டிக்கொள்வேன், ஆனால் அப்பா சம்மதிக்காமல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அழகேசன் தலையசைப்பில் வந்து நின்றது.

அழகேசன் கெட்டவர் இல்லை. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மதமா? "அது அவங்க சாமி" என்று முடித்துக்கொண்டார். ஆனால் ஒன்று மட்டும் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

"மச்சான், பையன் தங்கமான பையன்னுதான் சொல்லுது பாப்பா. ஆனா அங்க என்ன ஆளுங்கன்னு தெரியாம எப்புடி?"

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. இளையபெருமாள் மூன்று நாள் செல்போனும் கையுமாகக் கிடந்தார். அந்த நாட்டில் இனிஷியல் இல்லை, குடும்பப் பெயர் என்று ஒன்று கடைசியில் வரும், அதிலும் பாதி தொழிற்பெயர்கள் என்று தெரிந்தது. மாவு அரைத்தவர் பேரன் ம்யூல்லர், இரும்படித்தவர் பேரன் ஷ்மிட், துணி தைத்தவர் பேரன் ஷ்னைடர். நாம் பஸ்ஸில் தொண்டை வற்ற ஏழு கேள்வி கேட்டு அறிவதை வாசல் பலகையிலேயே எழுதி மாட்டியிருக்கிறார்களே என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டதாகக் கேள்வி. பிறகு கல்க்பிரென்னரைத் தேடினார். அபூர்வமான பெயர் என்று முதல் வரியில் இருந்தது. அதோடு போனை மூடிவிட்டார். ஆராய்ச்சியை எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதும் ஒரு திறமைதானே?

"மாப்ள, இந்த ம்யூல்லர் இருக்கானே, அவன் அங்க லட்சக்கணக்குல கெடக்கான். கல்க்பிரென்னர் நாடு பூரா தேடுனாலும் கொஞ்சம் பேருதான். ஊர்ல குடியானவன் ஆயிரம் பேரு இருப்பான், ஜமீன் எத்தன இருக்கும்?"

"ஒண்ணுதான்."

"அப்பறம் என்ன?"

அழகேசனுக்கு முள் இறங்கிவிட்டது. ஒரே வாரத்தில் பங்காளிகள் எல்லோருக்கும் விஷயம் போயிற்று. பூலாம்பாடியிலிருந்து ஒரு பங்காளி, ஜமீனுக்கு அங்கே யானை உண்டா என்று கேட்டாராம். குளிருக்கு யானை தாங்காது என்று இளையபெருமாள் பொறுமையாக விளக்கினாராம்.

லீவு போட்டுக்கொண்டு சுகன்யா லூகாஸை அழைத்து வந்தாள். மத்தியானம் இலை போட்டார்கள். அழகேசன், ஜமீன் வாரிசு, இளையபெருமாள், கடைசியில் நான். லூகாஸ் ரசத்தை அணை கட்டத் தெரியாமல் இலையெல்லாம் ஓடவிட்டு ஐந்து விரலாலும் துரத்திக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை என்று அதைப் பார்த்ததுமே எனக்குத் தோன்றிவிட்டது. அப்போதுதான் இளையபெருமாள் தம் கண்டுபிடிப்பைச் சபையில் நிரூபிக்க ஆசைப்பட்டார்.

"யுவர் நேம்... வெரி ராயல். வாட் மீனிங்?"

லூகாஸ் வாய்விட்டுச் சிரித்து ஏதோ உற்சாகமாகச் சொன்னான். சுகன்யா பரிமாறிக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"சுண்ணாம்பு சுடுறவங்கன்னு அர்த்தம் மாமா. இவரோட முப்பாட்டனுங்க காளவாய் போட்டுச் சுண்ணாம்புக்கல்லு சுட்டாங்களாம். கல்லு கெடைக்கிற ஊர்லதான அந்தத் தொழிலு நடக்கும், அதான் பேரும் கொஞ்சம் பேருக்குத்தான்."

"ஒனக்கு முன்னமே தெரியுமா?" என்றார் அழகேசன்.

"தெரியும்ப்பா. யாரும் எங்கிட்ட கேக்கலியே."

அழகேசன் கை இலையிலேயே நின்றுவிட்டது. இளையபெருமாள் தம் ஜமீன் சரிந்ததற்காக ஒரு நிமிஷமாவது வெட்கப்பட்டிருக்கலாம். பட்டாரா? ஒரு விரலைக் காற்றில் ஆட்டி, "சுண்ணாம்பு சுடுறவங்கன்னா... நம்ம பக்கத்துல அது யாரு வருவாங்கன்னா..." என்று வரிசை பிடிக்க ஆரம்பித்துவிட்டார். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பிறந்த ஒருவனை எங்கள் ஊரில் எந்தத் தெருவில் குடிவைப்பது என்று தேடுகிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் பாயசம் இன்னும் வரவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன்.

"கல்யாணப் பேச்ச அப்பறமாப் பாத்துக்கலாம்" என்றார் அழகேசன், இலையைப் பார்த்தபடி.

என்ன சொல்கிறார் என்று லூகாஸ் கேட்டான். சுகன்யா மொழிபெயர்க்கவில்லை. கண் நிறைந்து நின்றாள்.

ரசச் சட்டியோடு வந்த அமிர்தவல்லி அதைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஒங்க மருமவன் பூவரசன், அரியலூர் சிமெண்டு ஆலையில எந்த செக்‌ஷன்ல இருக்காரு?"

"கில்ன்ல. ஏம்மா?" மருமகனைப் பற்றி யார் எப்போது கேட்டாலும் இளையபெருமாளுக்கு நெஞ்சு ஓர் அங்குலம் நிமிரும். இப்போதும் நிமிர்ந்தது.

"கில்ன்னா என்னண்ணே?"

"பெரிய சூளை மாரி. உருண்டுக்கிட்டே இருக்கும்."

"அதுல என்னத்தப் போட்டுச் சுடுறாங்க?"

இளையபெருமாள் இலையில் ஒதுக்கிய கறிவேப்பிலையை எண்ண ஆரம்பித்தார். அரியலூர்ப் பக்கத்தில் ஆலைக்கு லாரி லாரியாகப் போவதும் சுண்ணாம்புக்கல்தான் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அந்த வேலையப் பாத்துத்தான பொண்ணு குடுத்தீங்க? 'ஆலையில பர்னர் வேல பாக்குற மாப்ள, குடுத்து வெச்சிருக்கணும்'னு வூடு வூடா லட்டு குடுத்தீங்களே! ஒங்க மருமவன் சுட்டா இனிக்குது, எம் மருமவனோட பாட்டன் சுட்டா கசக்குதா?" என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன, சோத்த வெச்சிக்கிட்டு யோசன?"

அழகேசன் நிமிர்ந்து லூகாஸைப் பார்த்தார். அவனோ எதுவும் புரியாமல், ஆனால் யாரோ யாருக்காகவோ சண்டை போடுகிறார்கள் என்று தெரிந்து, மாமியார் பக்கமே பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளைக்கு மொதல்ல மோர் ஊத்து" என்றார் அழகேசன். "ரசம் அவருக்கு வசப்படல."

மாப்பிள்ளை என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். சுகன்யா அடுக்களைக்கு ஓடி அழுதுவிட்டு வந்தாள். தை மாசம் கல்யாணம்.

இளையபெருமாள் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? பாவம் நீங்கள். மறுநாளே டீக்கடையில் அவர் குரல் கேட்டது: "கல்க்பிரென்னர்னா சும்மா இல்லப்பா. கல்லு சுடுற தொழிலு. எம் மருமவன் பாக்குறானே, அதேதான். ஒரு கணக்குல பாத்தா அவங்களும் நம்ம ஆளுங்கதான்!"

நான் மட்டும் யோக்கியனா? அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது சுகன்யாவிடம் மெதுவாக, "அவரு அம்மா பொறந்த வூட்டுப் பேரு என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். சும்மா, பொது அறிவுக்கு. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இந்தப் புத்தியெல்லாம் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அழகேசன் என்ன ஆளுங்க என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லை. அது உங்களை உறுத்துகிறதா, இல்லையா?