அம்புக்குறி மேல் ஒரு பித்தளைப் பலகை

கையில் பாலிஷ் துணி, எதிரே எங்கள் தெருக் குழாய். குழாயில் திருகி வைத்திருக்கும் பித்தளைப் பலகையைத் துடைப்பது இப்போதெல்லாம் என் காலை வேலை. பாலிஷ் பூசிவிட்டால் வெள்ளை பூத்துக் காயும்வரை கை வைக்கக் கூடாது. பிள்ளை பக்கத்தில் காலி வாளிக்குள் உட்கார்ந்து அதன் பிடியை ஆட்டிக்கொண்டிருக்கிறான். அவன் அழாமலும் பலகை காயாமலும் இருக்கிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். நடுவில் நின்றுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அலுவலகம் என்றால் தண்ணீர் விடுகிற இடம் என்று நினைப்பது என்னைப் போல் ஐந்தாவதோடு நின்றவர்கள் செய்கிற பிழை. தண்ணீர் பற்றிய விவரங்களை வைத்திருக்கிற இடம் அது. முன்பெல்லாம் விவரங்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தில் கிடந்தன. யாரும் பார்க்காத விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியது. உடனே கூட்ட அறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை வந்தது. விரலால் தொட்டால் வேலை செய்கிற திரை.

திரையை இயக்கும் பொறுப்பு எங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்கு. அங்கே நடப்பதை அண்ணன் அண்ணியிடம் சொல்வார், அண்ணி என்னிடம் சொல்வார். என்னோடு அது நின்றுவிடும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

திரையில் ஊர் முழுவதுக்கும் ஒரே நீலத் தூண் நிற்குமாம். அதைத் தொட்டால் வட்டாரத்துக்கு ஒரு தூணாகப் பிரியும். ஒரு வட்டாரத்தைத் தொட்டால் அதன் தெருக்கள் வரும். ஒரு தெருவைத் தொட்டால் அதன் குழாய் வரும்.

“வெங்காயம் உரிக்கிற மாதிரிதான்” என்றார் அண்ணி. “ஆனா உரிச்ச தோலைத் திரும்ப ஒட்டிக்கலாம். மேல் மூலையில ஒரு சின்ன அம்புக்குறி இருக்காம். அதைத் தொட்டா ஒவ்வொரு படியா மேல வந்துடலாமாம்.”

திறப்பு விழா அன்று பெரிய அதிகாரி தூணைத் தொட்டார். கைதட்டினார்கள். வட்டாரத்தைத் தொட்டார், இன்னும் பலமாகத் தட்டினார்கள். தொடத் தொடக் கைதட்டல் கிடைத்தால் யார்தான் விரலை எடுப்பார்? தொடுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் எடுத்தார். அவர் விரல் போய் நின்ற இடம் எங்கள் தெருக் குழாய்.

அன்று மாலையே, திரையைத் திறந்து வைத்தவர் இன்னார் என்று அறிவிக்கும் பித்தளைப் பலகையும் வந்துவிட்டது. பட்டங்கள் நீளம் என்பதால் பலகையும் நீளம். சுவரில் மாட்டினால் திரையைப் பார்ப்பவர் கண்ணில் படாது என்று, திரையின் சட்டத்திலேயே, மேல் மூலையை மூடித் திருகினார்கள்.

மறுநாள் கூட்டம்.

“ஊர் முழுசையும் காட்டுப்பா” என்றார் அதிகாரி.

“இப்ப குழாயில இருக்கோம் ஐயா” என்றார் அண்ணன்.

“அப்ப மேல வா.”

“மேல வர்ற வழி கொஞ்சம் மறைஞ்சிருக்குங்க ஐயா.”

“எது மறைக்குது?”

அண்ணன் பலகையைப் பார்த்தார். அதில் ஐயாவின் பெயர் பளபளத்தது. பிறகு தரையைப் பார்த்தார்.

“பார்த்துச் சொல்றேங்க ஐயா.”

பார்த்தார்கள். திரையை அணைத்துப் போட்டார்கள். விட்ட இடத்திலேயே வந்து நின்றது, அத்தனை நல்ல திரை. ஈரத்துணியால் துடைத்தார்கள், காய்ந்த துணியால் துடைத்தார்கள். அறையில் இருந்த நாற்காலிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கம்பெனிக்குப் போன் போட்டபோது அந்தப் பையன், “மேல் மூலையில அம்புக்குறி இருக்கும் சார், தொடுங்க” என்றான். எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அதையேதான் சொன்னான். விவரம் போதாது என்று அவனை விட்டுவிட்டு ஒரு குழு அமைத்தார்கள். காரணம் குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அறிக்கை ஒருமனதாக வந்தது: “அம்புக்குறிக்கு ஒதுக்கப்பட்ட இடம் தற்சமயம் அதனினும் முக்கியமான பணியில் ஈடுபடுத்தப்பட்டுள்ளது.”

அதிகாரி படித்துவிட்டுத் தலையாட்டினார். “முக்கியமான பணின்னா தொந்தரவு பண்ணக் கூடாது. கீழேயே இருப்போம். அடித்தளத்துல இருந்து நிர்வாகம் பண்றதுதான் இப்ப புது முறை.”

அப்படித்தான் எங்களுக்கு விடிந்தது. அதுவரை எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக வரும். பிள்ளைத் துணி அலசி முடிப்பதற்குள் பிள்ளை இன்னொரு துணியை நனைத்துவிடுவான். இப்போது அலுவலகம் முழுவதும் எங்கள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது. புதுக் குழாய் போட்டார்கள். கீழே சிமெண்டு பூசினார்கள். குடத்தை வைத்தால் குடம் நகர்ந்து போகிற வேகத்தில் தண்ணீர் வந்தது. தினமும் ஒருவர் வந்து “குறை ஏதும் உண்டா?” என்று பணிவாகக் கேட்டார். குறை இல்லை என்றால் முகம் வாடிப்போகும். பாவமாக இருக்கும். வாளிக் காது கழன்றதைக் கூட ஒரு நாள் அவரிடம் சொல்லிவைத்தேன்.

மற்ற துறைகளுக்குப் பொறாமை. அவர்களும் திரை வாங்கினார்கள், மறக்காமல் மேல் மூலையில் பலகை திருகினார்கள். பேருந்து அலுவலகம் ஒரே ஒரு பேருந்தில் போய் நின்றது. அந்தப் பேருந்தில் விசிறி கூட ஓடியதாம். பார்க்க ஆசைதான், ஆனால் அது இருக்கிற இடத்துக்குப் போக வேறு பேருந்து இல்லை.

பக்கத்துத் தெருவில் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் தெருக் குழாய் சுத்தமாக நின்றுவிட்டது. அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் தவழ்கிற வயசு. என்னைப் போல் வாய் இல்லாதவள் இல்லை அவள். குடத்தோடு நேராக அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

“உங்க தெரு திரையில இல்லையேம்மா” என்றாராம் அங்கே இருந்தவர்.

“திரையில இல்லாட்டி என்ன? தெருவில இருக்கு.”

“திரையில இல்லாத தெருவில குறை இருக்க முடியாதும்மா.”

“தெருவே இல்லைன்னா நான் எங்கேர்ந்து நடந்து வந்தேன்?”

“அதை நீங்கதான் வீட்டுல கேட்டுப் பார்க்கணும்.”

அன்றிலிருந்து அக்கா எங்கள் குழாய்க்கு வர ஆரம்பித்தாள். அவள் பின்னால் அவள் தெருவே வந்தது. வரிசை எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. எங்கள் தெருச் சங்கத்துக்குத் தலைவர் என் மாமனார். “வெளித்தெரு ஆளுக்கு இங்க என்ன வேலை?” என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையின் மூக்கைத் துடைத்தேன். துடைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. குழாயைப் பயன்படுத்துபவர் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. மாமனார் வேட்டியை மாற்றிவிட்டார். ஆனால் அவர் பிறந்ததிலிருந்து ஒரு செம்பு கூடப் பிடித்ததில்லை என்று தெருவே சாட்சி சொன்னதால் நான் போக வேண்டியதாயிற்று. துணைக்கு அவரும் வந்தார்.

பெரிய அறை. திரையில் ஒற்றை நீலத் தூண், அடியில் எங்கள் தெருவின் பெயர். மூலையில் அந்தப் பலகை. அண்ணன் எனக்கு நாற்காலி நகர்த்துகிற சாக்கில் குனிந்தார்.

“தங்கச்சி, அம்புக்குறி பலகைக்குப் பின்னாடிதான் இருக்கு. நான் பிள்ளைகுட்டிக்காரன். நீ சொல்லிடேன்.”

“என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?” என்றார் அதிகாரி.

எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்தில் மாமனார் தொண்டையைச் செருமினார். மாமனாரின் செருமலுக்கு அர்த்தம் தெரிய எனக்கு அகராதி வேண்டாம். பலகை என்று ஆரம்பித்தது நாக்கிலேயே நின்றுவிட்டது. ஆனால் குடத்தோடு நின்ற அக்கா கண்ணுக்குள் நின்றாள்.

“எங்க அக்கா தெருவுக்கும் தண்ணி வேணுங்க” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“திரையில உங்க தெரு மட்டும்தானேம்மா இருக்கு.”

“அப்ப அக்கா தெருவையும் எங்க தெருன்னே போட்டுக்கங்களேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வேறு வழி தெரியாமல் சொன்னேன். அதிகாரி மெதுவாக எழுந்து நின்றார்.

“இத்தனை குழு போட்டும் இது ஒருத்தருக்கும் தோணலையே” என்றார்.

அந்த மாதமே ஊரில் இருக்கிற எல்லாத் தெருவும் எங்கள் தெருவாகப் பதியப்பட்டது. மூலைக்கு மூலை ஒரே பெயர்ப் பலகை. திரையில் எங்கள் தூண் வளர்ந்து கூரையை முட்டியது. “இந்தத் தெருவுக்கு முழு வேகத்தில் தண்ணீர் விடுக” என்று உத்தரவு போயிற்று. ஊர் முழுவதும் தண்ணீர் பாய்ந்தது. ஊர்க் கடிதங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்ததுதான் ஒரே இடைஞ்சல். மாமனார் அவற்றை ஒன்று விடாமல் படித்துவிட்டு, நல்ல சேதியாக இருந்தால் மட்டும் கொடுத்தனுப்பினார்.

அக்கா இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் குளிப்பாட்டியதாகச் சொல்லிச் சிரித்தாள். நானும் அண்ணியும் அலுவலகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தோம். அத்தனை படித்தவர்கள், ஒரு மனுஷரிடம் ‘பலகையைக் கொஞ்சம் நகர்த்துங்கள்’ என்று சொல்ல முடியாமல் ஊரையே நகர்த்தியிருக்கிறார்களே என்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் மாமனாருக்கு ஒரு யோசனை வந்தது. ஊரையே தன் பேரில் வைத்திருக்கிற குழாய், ஒரு அடையாளம் வேண்டாமா? பித்தளையில் பலகை அடித்தார். ‘இக்குழாயின் புகழுக்குக் காரணமான தெருச் சங்கத் தலைவர்’ என்று தொடங்கி, அவர் பேரும் அதற்குக் கீழே நிறைய சங்கதிகளும். தரையில் வைத்தால் சேறு படும், சுவரில் வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று குழாயிலேயே திருகினார். குழாயின் திருகுபிடி இப்போது பலகைக்குப் பின்னால் இருக்கிறது. நடுவே இரண்டு விரல் போகும் இடம். அந்த அளவுக்குத்தான் திறக்க முடியும். நூலாக வருகிறது.

மாலையில் என் வீட்டுக்காரர் வந்தார். குழாயைப் பார்த்தார், அவர் அப்பாவைப் பார்த்தார். “எழுத்து நல்லா வந்திருக்குப்பா” என்றார்.

ஊரே ஒரு தெரு அல்லவா? எங்கள் குழாயில் இருப்பது மற்றக் குழாய்களிலும் இருந்தால்தானே மரியாதை? எல்லாக் குழாய்க்கும் பலகை ஏறியது. அக்கா தெருவில் ஏறிய பலகையில் அத்தான் பெயர். அலுவலகத்தில் அத்தனை பேசியவள், இப்போது சுண்டுவிரலை உள்ளே விட்டுத் திருகிக்கொண்டு, “என் விரல் சின்னது, பரவாயில்லை” என்கிறாள்.

திரையில் தூண் சரிந்துவிட்டதாம். போன வாரம் பெரிய அதிகாரியே பார்க்க வந்தார். பூமிக்குள் குழாயைத் தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் பார்த்தார்கள், புட்டி நிறைய நேரமாயிற்று. அதிகாரி பலகையை முழுக்கப் படித்துவிட்டு மாமனாரின் கையைக் குலுக்கினார். காரணம் பிடிபடவில்லை, குழு அமைப்போம் என்றார். குடத்தோடு நின்ற தெரு மொத்தமும் காரணத்தையே பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றது. அண்ணன் மட்டும் என் அருகில் வந்து, “எங்க ஆபீஸ்ல இருக்கிற மாதிரியே இருக்கு தங்கச்சி” என்றார். பிள்ளையின் மூக்கைத் துடைத்தேன்.

ஆனால் இன்று சொல்லிவிடப் போகிறேன். காலையிலிருந்து நனைத்த துணி அப்படியே கிடக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முந்தானையில்தான் இருக்கிறது. வார்த்தையைக் கூட உருப்போட்டு வைத்திருக்கிறேன்: மாமா, பலகையை ஒரு சாண் மேலே ஏற்றினால் போதும், உங்கள் பேர் இன்னும் தூரத்திலிருந்து தெரியும். இதில் பயப்பட என்ன இருக்கிறது? அவர் என்ன அதிகாரியா?

“அம்மாடி, பலகை காஞ்சிருச்சா? ஆள் வர்ற நேரம், பளபளன்னு இருக்கணும்.”

கூப்பிடுகிறார். முதலில் இதோ துடைச்சுட்டேன் மாமா என்று சொல்லிவிட்டு, அவர் முகம் நன்றாக இருக்கிற சமயம் பார்த்து, அப்புறமாக மெதுவாக