என் ரத்தம் படிகமாகாத விவரம்

பனச்சமூடு,
20-5-1954.

மருமகன் சிரஞ்சீவி ஜெயசிங்குக்கு, தாய்மாமன் ரெத்தினதாஸ் (ஹெட்மாஸ்டர், ஓய்வு) ஆசீர்வதித்து எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உன் அத்தை புஷ்பபாயும் உன் அம்மாவும் உயிரோடும், மற்றபடி பெரிய குறைவில்லாமலும் இருக்கிறோம். மதராஸில் உன் சுகத்துக்காகவும் உன் புரொபசருடைய நல்ல புத்திக்காகவும் குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

நிற்க. ஈஸ்டருக்கு வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் என் கையில் குத்தி ரத்தம் எடுத்து, அதைக் கழுவிச் சாரம் பிரித்து, ஏதோ உப்பு போட்டு மூன்று குப்பிகளில் அடைத்து, மதராஸ் சூட்டில் கெட்டுவிடும் என்று நம் தெற்கு அறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? "மாமா, ஆட்டப்பிடாது, அனக்கப்பிடாது, பக்கத்துல நின்னு தும்மவும் பிடாது. கற்கண்டு மாதிரி சிவப்பாக் கல்லு விளையும்" என்றாய். அந்தப் படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சினால்தான் ரத்தத்துப் புரோட்டீனின் உள்ளமைப்பு தெரியும், அது அச்சு அசலாக ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் சேர்ந்து நிற்கும் பொருள், பிரித்தாலும் மறுபடி சேர்ந்துகொள்ளும் என்றெல்லாம் விளக்கினாய். கல்லோடு போனால் புரொபசர் உன்னைச் சீமைக்கு அனுப்புவார், வெறுங்கையோடு போனால் அந்த இடம் வேறொருத்தனுக்கு என்றும் சொன்னாய். தகப்பனில்லாப் பிள்ளையை இவ்வளவு தூரம் ஏற்றிவிட்டுக் கடைசிப் படியில் நானா வழுக்கிவிடுவேன்?

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாய்பொத்தி உட்கார வைத்தவன் நான். வீட்டை அடக்குவதா பெரிய காரியம்? உரல் அடுத்த வீட்டுக்குப் போனது. தேங்காய் விழுந்து தரை அதிருமென்று இளசுகளைக்கூட விடாமல் பறித்துப் போட்டேன். வீட்டுக் கூட்டத்துக்கு வந்த சபையாரைக் கைதட்டாமல் பாடச் சொன்னேன். பாஸ்டர் அடுத்த வாரம் வரவில்லை. உன் அத்தைதான், "எல்லாஞ் செரி, உங்களுக்க கொறட்டைய யாரு நிறுத்துவா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குப் படுக்கை மாட்டுத்தொழுவில்.

வீடு அடங்கியது, ரோடு அடங்கவில்லை. தமிழ்த் தாலூக்காக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்கச் சொல்லி நம் வாசல் வழியாக நித்தமும் ஊர்வலம் போகிறது. தகரத்தைத் தட்டிக்கொண்டு அவர்கள் போடுகிற கோஷத்தில் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். நான் சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவன். ஊர்வலம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறவன். ஆனாலும் உனக்காகச் சாயாக்கடை சுவாமிதாஸிடம் போனேன். ஊர்வலத்துக்கு அவன்தான் தலைவன், என்னிடம் ஐந்தாம் வகுப்பில் அடிவாங்கினவன். "எலே, எனக்க வீட்டு வாசல்ல மட்டும் ஒண்ணும் மிண்டாம வாயப் பொத்திட்டுப் போங்கலே" என்றேன். "கோஷம் போடாம பின்ன என்னத்துக்கு சாரே நடக்கணும்?" என்றான். உன் குப்பிகளைப் பற்றியும் அந்த இரண்டு பாதிகளைப் பற்றியும் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. "பிரிச்சாலும் சேருமா? சாரே, இது நமக்க கேசாக்கும்! ரெத்தமே சேரணும்னு சொல்லுதே! நாங்க பூனை மாதிரி வாறோம்" என்றான்.

சொன்னபடியே வந்தார்கள். இருநூறு ஆண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தகரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, நுனிக்காலில் நடக்கிறார்கள். நான் முன்னால் நின்று உதட்டில் விரலை வைத்து வழிகாட்டுகிறேன். முக்கில் நின்ற ஏட்டு வேலாயுதனுக்கு உயிரே போய்விட்டது. தினமும் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம் வாய்பொத்தி வந்தால் யாருக்குத்தான் பயமிருக்காது? "மிண்டாத்த ஜாதையோ? இதில் எந்தோ கள்ளத்தரம் உண்டு!" என்று மலையாளத்தில் கத்தி, சத்தமில்லாத ஊர்வலத்தில் ஏதோ சூது இருக்கிறது என்று விசில் ஊதினார். ஊர்வலக்காரர்களை விட்டுவிட்டு, விரல் காட்டிய என்னைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், எதற்காகச் சத்தம் போடவில்லை என்று மரியாதையாகத்தான் கேட்டார். நானும் உள்ளதைச் சொன்னேன்: வீட்டில் மூன்று குப்பி மனுஷ ரத்தம் இருக்கிறது, அதிர்ந்தால் கெட்டுவிடும். மக்கா, போலீஸ் ஸ்டேஷனில் சொல்லக்கூடிய விஷயமா அது? என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் ஒரு வண்டிப் போலீஸ் நம் வீட்டில். தெற்கு அறையில் பூட்ஸ் காலோடு குதித்தார்கள். மோகனன் என்று ஒரு கான்ஸ்டபிள் ஒரு குப்பியை எடுத்து இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல் குலுக்கி, மோந்து பார்த்து, மறுபடி குலுக்கியிருக்கிறான். உன் அத்தை, "எலே, அது எனக்க மாப்பிளைக்க ரெத்தமாக்கும், கீழ வய்யி!" என்று போட்ட சத்தத்தில்தான் மற்ற இரண்டும் தப்பின. ஊரே பார்த்தது. இனி ஊர்வலம் போகிற திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, பென்ஷனைக் காப்பாற்றிக்கொண்டு வீடு வந்தேன்.

ஆகையால் ஜெயசிங், விஷயம் இதுதான்: கல் விளையவில்லை. இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக் காத்தும் வெறும் சிவப்புத் தண்ணீர்தான், அதையும் குலுக்கிவிட்டார்கள். உன் புரொபசரிடம் என் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேள். கல் விளையாததை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியவர்கள் எல்லாருடைய அன்பும் ஜெபமும் உன்னோடு இருக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் மாமா,
ரெத்தினதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உன் அத்தை தெற்கு அறையிலிருந்து கூப்பிட்டாள். மோகனன் குலுக்கின குப்பியின் அடியில் சிவப்பாக என்னமோ மின்னுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கல்லேதான் மக்கா, மூலைமூலையாக, பட்டை தீட்டினதுபோல! அந்த இரண்டு பாதிகள் என் கண்ணுக்குத் தெரியவில்லை, அதற்கு உன் எக்ஸ்ரே வேண்டும். பத்திரமாக வைத்த மற்ற இரண்டு குப்பியிலும் ஒரு மண்ணும் இல்லை. உடனே சுவாமிதாஸுக்கு ஆள் அனுப்பிவிட்டேன்: நாளையிலிருந்து ஊர்வலம் நம் வாசலில் அரைமணி நேரம் நிற்க வேண்டும், நாலு தகரமாவது வேண்டும், முன்வரிசையில் நான் நிற்பேன். போலீஸிடம் எழுதிக் கொடுத்தாயிற்றே என்று அத்தை கேட்கிறாள். பென்ஷன் போனாலும் போகட்டும், நீ சீமைக்குப் போணும்.