வின்னியின் செங்கல் தரையும் ஒரு சொட்டு எண்ணெயும்

டட்லி,
14 நவம்பர் 1987

அன்புள்ள மைத்துனன் ரெஜினால்டுக்கு,

உன் அக்காள் கணவன் ஹொரேஸ் எழுதுவது. இங்கே நான், வின்னி, என் முழங்கால் மூவரும் சுமாரான நலம். அங்கே நீயும் மேவிஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மோட்டார் சைக்கிளை ஏற்றிப் போவதற்காக நீ வாங்கி வைத்திருக்கும் டிரெய்லரும் நலமாக, காலியாக இருக்கட்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். போன மாதம் உன் அக்காள் வாசலுக்குப் புதிதாகச் செங்கல் பாவினாள். மறுநாளே என் 1952-ஆம் வருடத்து வண்டி அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தது. ஒரு பென்னி அகலம்கூட இருக்காது. அது வாங்கிய நாளிலிருந்தே ஒழுகுகிற வண்டி. எங்கள் கிளப்பில் ஒழுகாத வண்டியைப் பார்த்தால், எண்ணெய் தீர்ந்துபோயிற்றா என்றுதான் துக்கம் விசாரிப்பார்கள். ஆனால் வின்னி கிளப்பில் இல்லை, வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“சின்ன ஒழுகல்தான் வின்னி,” என்றேன்.

“சின்னதுன்னா முப்பத்தஞ்சு வருஷமா ஏன் சரி பண்ணல? இங்க பாருங்க, தினம் ராத்திரி வண்டிக்கு அடியில பேப்பர் விரிச்சு வையுங்க. காலைல எட்டு மணிக்கு வந்து பார்ப்பேன். பதினாலு நாள் வரிசையா சுத்தமா இருந்தா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா ரெஜி டிரெய்லரோட வருவான்.”

நீ போனில் உடனே சரி என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

ஒழுகுவது எஞ்சினின் வலப்பக்க மூடியில். முதலில் திருகுகளை இறுக்கினேன், ஒன்று முறிந்தது. முறிந்ததை எடுக்க மூடியைக் கழற்றி, எண்ணெயைக் கையில் கிடைத்த தட்டில் வடித்தேன். அது ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாட்டும் தட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? “இதுலயா நான் கிரேவி பண்ணணும்?” என்று அவள் கேட்டது தெருமுனை வரை கேட்டது. பிறகு, மூடிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் அட்டையை கிளப்பில் எல்லோரும் செய்வதுபோல கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியை வெட்டிச் செய்தேன். பெட்டியில் இருந்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டியிருந்தேன். வின்னி பார்க்காமல் குழாயைத் திறந்துவிட்டாள். அன்று மூன்று வேளையும் எனக்கு அதுதான் சாப்பாடு. அந்த அட்டையும் மூன்றாம் நாளே ஊறிக் கூழாயிற்று.

அப்புறம்தான் அடுக்களை இழுப்பறையின் அடியில் கிடந்த ஒரு பழைய அட்டை கிடைத்தது. கெட்டியான, மஞ்சளேறிய, வருடக்கணக்காக வெண்ணெய் குடித்த அட்டை. மூடியின்மேல் வைத்துச் சுத்தியலால் விளிம்பைத் தட்டினேன்; அச்சு அசலாக வெட்டு விழுந்தது. மாட்டினேன். மறுநாள் காலை பேப்பர் சுத்தம். அதற்கு மறுநாளும் சுத்தம். இன்று பதினாலாம் நாள், ரெஜி, இன்றும் சுத்தம். ஒருநாள் மாலைப் பேப்பரில் பாதிக் குறுக்கெழுத்தை நிரப்பிவிட்டுத்தான் விரித்தேன் என்று நினைவு. காலையில் பார்த்தால் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எனக்கு வயதாகிறது. வண்டிக்கு ஆகவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மீதித் துணுக்குகளைப் பெருக்கும்போது ஒன்றில் கையெழுத்து தெரிந்தது. ‘உலர்திராட்சை முக்கால் ப’ என்பதோடு வெட்டுப்பட்டிருந்தது. உன் அம்மாவின் கையெழுத்து. நான் எஞ்சினுக்குள் வைத்துப் பூட்டியிருப்பது உங்கள் குடும்பத்துக் கிறிஸ்துமஸ் புடிங்கின் செய்முறை.

அடுத்த வாரம் ஞாயிறு புடிங் கிண்டும் நாள். வீட்டில் எல்லோரும் கண்ணை மூடி, ஆளுக்கொரு ஆசையை நினைத்துக் கரண்டியைச் சுற்றுவோம். அதற்கு முன் வின்னி அந்த இழுப்பறையைத் திறப்பாள். அட்டையை வெளியே எடுத்தால் வண்டி ஒழுகும், எடுக்காவிட்டால் என் கதை முடிந்தது. எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. அந்த வண்டி போய்விட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவது?

ஆகவே, மேவிஸ் உங்கள் கல்யாணத்தின்போது நகலெடுத்துக்கொண்ட செய்முறையைப் பழைய அட்டை ஒன்றில் உன் அம்மாவைப்போலக் கோணலாக எழுதி, மூலையில் கொஞ்சம் வெண்ணெய் தடவி உடனே அனுப்பு. கைம்மாறாக வண்டி கிடையாது. புடிங்கில் ஒரு துண்டு அதிகம் தருகிறேன்.

மேவிஸுக்கு அன்பு, உன் நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. ஆண்டவர் உங்கள் இருவரையும் சளியிலிருந்தும், டிரெய்லரைத் துருவிலிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயித்த மச்சான்,
ஹொரேஸ்

பின்குறிப்பு: தபாலில் போட வின்னியிடம்தான் கொடுக்கிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன், கவலைப்படாதே.

அதுக்கும் ஒரு பின்குறிப்பு: ரெஜி, அக்கா எழுதறேன். கெட்டில் ஆவில காட்டினா எந்த உறையும் திறந்துக்கும். ஒழுகல் ஒருநாள்கூட நிக்கல. தினம் காலைல ஆறு மணிக்கு எழுந்து பேப்பரை மாத்தி வைக்கிறது நான்தான். பக்கத்து வீட்டு எட்னா அவ பேப்பரைக் கொடுக்கறா. ஏதோ கோவத்துல கெடு வச்சுட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன், வண்டி போயிட்டா இந்த மனுஷன் காலைல எழுந்து என் அடுக்களைக்குத்தான் வருவார். புடிங் எனக்கு மனப்பாடம். மேவிஸ் பார்த்து எழுதிக்கட்டும்னு அம்மா வேணும்னே அளவெல்லாம் தப்பா எழுதி வச்ச அட்டைடா அது. அவளுக்கு ஏன் இத்தனை வருஷமா புடிங் வரலன்னு இப்பப் புரியுதா? ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடாத. அவர் கேட்டபடி நகலை அனுப்பு, நான் அதைப் பார்த்துப் பண்ற மாதிரி நடிச்சுக்கறேன். டிரெய்லரை வித்துடு.