பெரம்பலூர் சோடா ரயில் ஏறிய கதை

ஏப்பத்தை இவ்வளவு மரியாதையாக நடத்திய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாமெல்லாம் ஏப்பம் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கம்பக்கம் பார்ப்போம். அவர் எழுந்து நின்றுவிடுவார். ஏப்பத்தை நம்பித் தொழில் ஆரம்பித்து, ஏப்பத்தாலேயே அதை வளர்த்து, கடைசியில் ரயிலிலும் ஏற்றிவிட்டார். ஊர் அவரை 'ஏப்பம்' என்றுதான் சொல்லும். நேரில் மட்டும் 'மொதலாளி'. ஏழு வருஷம் பக்கத்தில் குடியிருந்த எனக்கே அவருடைய நிஜப் பெயர் தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். துறையூர் ரோட்டில் கிடைத்த வாடகை ரூமுக்கும் அவருடைய சோடா கம்பெனிக்கும் நடுவே ஒரு சுவர்தான். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று, பாட்டில் கழுவ ரெண்டு பெண்கள், சிரப் காய்ச்ச அவருடைய சம்சாரம். ஊர்த் தண்ணீர் உப்பு என்று வாலிகண்டபுரம் பக்கத்துக் கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் வரும்.

"தண்ணி நல்லாருந்தாத்தான் சார் கேஸு அதுல குந்தும். இல்லன்னா எறங்கி வூட்டுக்குப் போயிட்டே இருக்கும்" என்பார்.

தினமும் காலையில் முதல் பாட்டில் அவருக்கு. கட்டை விரலால் கோலியை ஒரு அமுக்கு. டொப்பென்று சத்தம். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணை மூடி, வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தி நிற்பார். மெஷின் நிற்கும். பாட்டில் கழுவுகிறவர்கள் கையை எடுத்துக்கொள்வார்கள். ரோட்டில் போகிற சைக்கிள்காரன்கூட ஒரு காலை ஊன்றி நிற்பான். ஏப்பம் வந்தால்தான் அந்தச் சரக்கு கடைக்குப் போகும். வராவிட்டால் மொத்தமும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்துக்கு.

ஏப்பத்துக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "மொத ஏப்பம் மூக்கு வழியா வரணும். ரெண்டாவது வாய் வழியா. மூணாவது நெஞ்சு வழியா" என்பார். நெஞ்சு வழியாக எப்படி ஐயா ஏப்பம் வரும் என்று கேட்டால், "வரும்போது தெரியும் சார்" என்பதோடு சரி. சந்தேகமான நாட்களில் என்னைக் கூப்பிடுவார். "நீங்க கவர்மெண்டு ஆளு, பொய் சொல்ல மாட்டீங்க." அரசாங்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. வெறும் வயிற்றில் இஞ்சி சோடா குடித்துவிட்டு ஆபீஸுக்குப் போய், தாசில்தார் முன்னால் ஃபைலோடு நின்றபோது நான் பட்ட பாட்டை இங்கே சொல்ல முடியாது.

ஆனால் அந்த இஞ்சி சோடாவை என்னவென்று சொல்வது. நாக்கில் வைத்ததும் லேசாக இனிக்கும். இவ்வளவுதானா என்று ஏமாந்து விழுங்கினால், தொண்டையில் ஒரு உறைப்பு வந்து பிடிக்கும். பிறகு மெல்ல மேலே ஏறிக் காதுக்குள் போய் உட்காரும். எல்லாம் சிரப் காய்ச்சும் அவர் சம்சாரத்தின் கைப்பக்குவம். தாலுகாவின் வருஷக் கணக்குப் பார்க்க ஜமாபந்திக்கு வந்த பெரிய ஆபீசர் ஒருவர் குடித்துவிட்டு, "அப்படியே பீர் மாதிரி இருக்குய்யா" என்று பாராட்டினார். நம்மவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் பீரு குடிச்சதில்லீங்க. ஆனா நம்ம இஞ்சி சோடா மாதிரி இருக்கும்னு நீங்களே சொல்றதால, அதுவும் நல்ல சரக்காத்தான் இருக்கும்" என்றார். ஆபீசர் இன்னொரு பாட்டில் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் தோற்றதும் உண்டு. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிப் பழம் மரத்தடியில் விழுந்து வீணாகிறதே என்று ஒரு சீசனில் முந்திரிப்பழ சோடா போட்டார். வாசனை தூக்கியது. ஏப்பமும் முறைப்படி வந்தது. முந்திரிப் பழம் தொண்டையைப் பிடிக்கும் என்பதுதான் மறந்து போச்சு. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கட்சிக் கூட்டம். பேச்சாளர் பேசுவதற்கு முன்னால் ரெண்டு பாட்டில் உள்ளே தள்ளினார். "பெரியோர்களே" என்றார். அதற்கப்புறம் காற்றுதான் வந்தது. ஏழரைக்கெல்லாம் கூட்டம் முடிந்துவிட்டது. மறுநாள் அந்தத் தெருக்காரர்கள் நாலு பேர் கொட்டகைக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் அவரிடம் யாரும் விளையாட முடியாது. கோலி பாட்டில் வடக்கேயிருந்து வர வேண்டும், சுலபத்தில் கிடைக்காது. பாட்டில் இல்லையென்றால் சோடா இல்லை. அதனால் குடிக்கிறவர் நின்ற இடத்தை விட்டு ரெண்டு அடி நகர்ந்தால் இவரும் கூடவே ரெண்டு அடி நகர்வார். மறதியாகப் பாட்டிலோடு பஸ் ஏறிவிட்ட ஒருவரைத் தேடிக் குன்னம் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் வாங்கி வந்தவர் அவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கையிலிருந்தே பிடுங்கியிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு குறை இருந்தது. பெரம்பலூரில் ரயில் இல்லை. நமக்கெல்லாம் அது ஊருக்குப் போகும்போது மட்டும் ஞாபகம் வருகிற குறை. அவருக்கு அது மானப் பிரச்சினை. அரியலூர்க்காரர் யாராவது வந்து, "எங்க ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸ்ஸே நிக்குது" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க வேப்பமரத்துக்குத்தான் யோகம்.

"ரயிலு பெரம்பலூருக்கு வராட்டி போவுது சார். பெரம்பலூரு ரயிலுக்குப் போவும்" என்றார் ஒருநாள். போயும் விட்டார். அரியலூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் டீ ஸ்டால் வைத்திருந்தவரிடம் பேசி, ஒரு வாரம் சோடா வைத்துப் பார்ப்பது, சரிப்பட்டால் தொடர்வது என்று முடிவாயிற்று. அந்த ஒரு வாரத்தை நினைத்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "இது மட்டும் கூடி வரலன்னா மனுஷன் ஒடஞ்சிடுவாரு தம்பி" என்று அவர் சம்சாரம் என்னிடம் சொன்னார்.

முதல் நாள் ரெண்டு பெட்டி சோடா பஸ் ஏறி அரியலூர் போனது. மெட்ராஸ் போகிற பகல் வண்டி வந்து நின்றது. சித்திரை வெயில். ஜன்னலுக்கு ஜன்னல் கை நீண்டது. அத்தனை பாட்டிலும் ரெண்டு நிமிஷத்தில் காலி. அதாவது, ஸ்டாலில்தான் காலி. ஜன்னலுக்குள் போன பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. நம்மவர் சோடாவை ரெண்டு நிமிஷத்தில் குடிக்க மனுஷனால் ஆகாது. ஒரு வாய் குடித்தால் கண்ணில் தண்ணீர் வந்து, மூக்கைப் பிடித்து, கொஞ்சம் சுதாரித்துக்கொண்டுதான் அடுத்த வாய். கார்டு விசில் ஊதிவிட்டார். வண்டி பாட்டில்களோடு கிளம்பியது. இவர் பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் ஓடி ஏழு பாட்டிலை மீட்டார்.

ஸ்டால்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். "கேஸைப் பாதியாக் கொறைச்சிடுங்க. மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு பாட்டிலக் குடுத்துடுவாங்க. இல்லன்னா இது தோதுப்படாது."

மறுநாள் காலை பாதி கேஸில் ஒரு பாட்டில் போட்டார். குடித்தார். கண்ணை மூடினார். விரலை உயர்த்தினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். நேரம் போனது. மாட்டு வண்டிக்காரர் ஒரு பீடி முழுசாகப் பிடித்து முடித்தார். ஏப்பம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வாயத் தெறந்து இதப் பெரம்பலூர் சோடான்னு சொல்ல என்னால முடியாது" என்றார்.

"அப்ப பாட்டிலுக்கு என்ன பண்ணப் போறீங்க? இப்படியே போனா வாரக் கடைசியில கொட்டகையப் பூட்ட வேண்டியதுதான்" என்றார் அந்த அம்மா.

"பாட்டிலு எங்க போவுதோ அங்க நானும் போறேன்."

அன்று எனக்கு லீவு நாள். கூட வரச் சொன்னார், போனேன். முழு கேஸ் சோடா. அரியலூரில் விருத்தாசலத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தார். வண்டி வந்ததும் வழக்கம்போலப் பாட்டில்கள் ஜன்னல் வழியாக உள்ளே போயின. அவற்றோடு நாங்களும் ஏறினோம், ஆளுக்கொரு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. கூட்டத்தில் பாட்டில் யாரிடம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு விளங்கவில்லை. அவர் ரயில் பெட்டியின் நடுவில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

எங்கோ மூன்றாவது வரிசையில் ஒரு ஏப்பம் கேட்டது.

"நம்மது" என்று போனார். பாட்டில் கிடைத்தது. ஜன்னலோரத்தில் இன்னொன்று. அங்கேயும் போனார். நான் நடுவில் ஒரு பெரியவர் ஏப்பத்தைக் காட்டி, "அங்க ஒண்ணு" என்றேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அது சாம்பார் சாதம் சார், வாங்க" என்று நகர்ந்தார். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள், தன்னிடம் பாட்டில் எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னார். இவர் வாதாடவில்லை. எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரை நிமிஷம். அந்த அம்மாளுக்கு மூக்கு வழியாக வந்தது. பேசாமல் கூடையைத் திறந்து பாட்டிலைக் கொடுத்துவிட்டார்.

விருத்தாசலம் வருவதற்குள் ஒன்று பாக்கியில்லாமல் சேர்ந்துவிட்டது. இறங்கப் போகும்போது கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார், "நானும் நாடு பூரா சுத்தறவன். இப்படி ஒரு சோடா குடிச்சதில்ல. எந்த ஊர் சோடாங்க இது?"

"பெரம்பலூரு."

"பெரம்பலூரா? இந்த லைன்ல அப்படி ஒரு ஸ்டேஷன் பார்த்ததில்லையே."

நம்மவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார். "ஸ்டேஷன் இல்லீங்க. சோடா இருக்கு" என்றார்.

ஜெயங்கொண்டம் வழியாக பஸ்ஸில் திரும்பும்போது அவர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கும் அன்றைக்கு அது என் ஊர் போல ஒரு கர்வம் வந்துவிட்டது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன் என்பதே மறந்துபோனது.

அந்த வாரம் முழுக்க தினமும் போய் வந்தார். ஸ்டால்காரர் அதற்கப்புறம் கேஸைப் பற்றிப் பேசவில்லை. தினப்படிப் பிரயாணத்துக்கென்றே பிறகு நம்மவர் ஒரு ஆளைப் போட்டார், நல்ல காதுள்ள ஆளாகப் பார்த்து. கை மெஷின் போய் மோட்டார் வந்தது. பாட்டில் கழுவ ரெண்டு பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர் ஆனார்கள். உடையார்பாளையம் கல்யாணங்களுக்கும், வரதராஜன்பேட்டை கோயில் திருவிழாவுக்கும் பெட்டி பெட்டியாகப் போனது. இத்தனைக்கும் முதல் பாட்டிலைக் குடித்து விரலை உயர்த்தி நிற்பது ஒருநாள்கூட நிற்கவில்லை.

ஏழாவது வருஷம் எனக்கு மாற்றல் வந்தது, செங்கல்பட்டுக்கு. அரியலூரில் வண்டி ஏற்றிவிட அவரே வந்தார். என் பெட்டி படுக்கையை உள்ளே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக ஒரு இஞ்சி சோடாவை உடைத்து நீட்டினார். நான் பாதி குடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. வண்டி நகர்ந்தது. அவர் சுபாவம் தெரிந்தவன் என்பதால் பதறிப்போய் பாட்டிலை வெளியே நீட்டினேன். அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஓடற வண்டியில என்ன அவசரம். கொண்டாந்து குடுங்க சார்" என்றார்.

முதல் ஏப்பம் மூக்கு வழியாக வந்தது. ரெண்டாவது வாய் வழியாக. விருத்தாசலத்துக்கு முன்னால் மூன்றாவதும் வந்தது. கண் கலங்கியிருப்பதைப் பார்த்து எதிர் சீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். கேஸு கொஞ்சம் ஜாஸ்தி என்றேன்.

அந்த வருஷம் பொங்கல் லீவுக்கு நான் என் ஊருக்குப் போகவில்லை. காலி பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன்.