பவுனு காட்டிய மூஞ்சி

ராஜபாளையத்தில் மொகரை ஆர்ட்டிஸ்ட்டிடம் படம் வரையச் சொல்லிவிட்டு அவரோடு சண்டை போடாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஆடு மாடுகள் மட்டும்தான் பேசாமல் இருந்தன.

போட்டோவைப் பார்த்து வரையவே மாட்டார். "போட்டோவுல எல்லாரும் செத்த நேரம் நல்லவங்களா இருப்பாங்க அண்ணாச்சி. அதை வரைஞ்சு என்ன புண்ணியம்?" என்பார். எதிரே உட்காரவைத்து எதையாவது சொல்லிக் கிளறிவிட்டு, முகம் மாறியதும் பிரஷ்ஷைத் தூக்குவார். சுந்தரபாண்டியத்தில் ஓர் எருமையை வரையப் போனவர், அதன் எதிரே குத்தவைத்து அரை நாள் தானும் அசைபோட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அதன் மனசு பிடிபடுமாம். உள்ளே இருப்பதை மறைக்கவே தெரியாத முகம் அவருக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரர் ஒருவர் சிரித்த முகமாகப் படம் கேட்டார். அவர் கால் கிலோ நிறுத்து முடித்ததும் ஆர்ட்டிஸ்ட், "இன்னுங் கொஞ்சம் போடுங்க, சும்மாத்தான்" என்றார். அப்போது அந்த முகம் போன போக்கைத்தான் வரைந்தார்!

"என்னவே இது?" என்று கடைக்காரர் குதித்தார். அவர் வீட்டம்மாவோ படத்தைப் பிடுங்கி, "அப்படியே அவியதான்!" என்று கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார்.

இதெல்லாம் தெரிந்தும் நான் புத்தி கெட்டு, என் நாய் பவுனை வரையச் சொன்னேன்.

"என்ன செஞ்சா அதுக்கு மூஞ்சி மாறும்?" என்று கேட்டார்.

"நான் பாடினா உன்னிப்பாக் கேக்கும்" என்றேன், பெருமையாக.

பாடச் சொன்னார், பாடினேன். படத்தில் பவுனு ஒரு காதை மடக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"அது கேக்கலை அண்ணாச்சி. இம்புட்டு நாளாப் பொறுத்துக்கிட்டு இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! படத்தைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

அடுத்த மாசம் பவுனு காணாமல் போனது. பதினோரு நாள் சோறு இறங்கவில்லை. சேத்தூரில் ஒரு தோட்டத்தில் கட்டிக்கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினால், தோட்டக்காரர், "இது என் நாய்வே, தொலைஞ்சு திரும்பி வந்திருக்கு. இந்தா போட்டோ" என்று செல்போனை நீட்டினார். அதில் ஒரு வெள்ளை நாய். என் செல்போனிலும் ஒரு வெள்ளை நாய். ராஜபாளையம் நாய் எல்லாமே ஒரே வெள்ளை; மறுவா, புள்ளியா, என்ன அடையாளம் சொல்வது? பவுனோ என்னைப் பார்த்தும் துள்ளியது, பதினோரு நாள் கறிச்சோறு போட்ட அவரைப் பார்த்தும் துள்ளியது. துரோகி!

வேறு வழியில்லாமல் ஆர்ட்டிஸ்ட்டுக்குப் போன் போட்டேன். என் வீட்டுப் பீரோவுக்குப் பின்னாலிருந்து படத்தை உருவி, மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடியிருந்தவர்களுக்கு அதைத் தூக்கிக் காட்டிவிட்டு, தோட்டக்காரரைப் பாடச் சொன்னார். அவர் பாடினார். பவுனு வாலை ஆட்டியது.

"இப்ப நீங்க பாடுங்க அண்ணாச்சி."

கண்ணில் நீர் வழியப் பாடினேன். இரண்டாவது வரிக்குள் பவுனு ஒரு காதை மடக்கியது. ஒரு கண்ணைச் சுருக்கியது. தலையைத் திருப்பிக்கொண்டது. அச்சு அசல் படம்!

கூட்டம் விசிலடித்தது. தோட்டக்காரரே சிரித்துவிட்டார். "ஏலே, கயித்தை அவுத்துவிடுலே! இந்தப் பாட்டை இம்புட்டு நாள் தாங்கின நாய் அவரு நாயாத்தான் இருக்கும்!"

லோடு ஆட்டோவில் பவுனும் படமும் நடுவில் நிற்க, ராஜபாளையம் வரை எங்களுக்கு ஊர்வலம்தான்.

படம் இப்போது ஹாலில் தொங்குகிறது. சாயங்காலங்களில் ஆர்ட்டிஸ்ட் வந்து பவுனு பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு பாட்டு பாடுங்க அண்ணாச்சி" என்பார். பாடுவேன். பவுனு மூஞ்சி எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். நான் ஓரக்கண்ணால் பார்ப்பது, எதையும் மறைக்கத் தெரியாத அவர் மூஞ்சியை. இன்றுவரை ஒரு தடவைகூட அது சுளித்ததில்லை.