ஒஷாவாவில் துவக்குப் பார்க்கப் போன கதை

ஒருவருடைய வீரம் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் அவரை மனைவியோடு சேர்த்து ஒரு கடைக்கு அனுப்பிப் பார்த்தால் போதும். போர்க்களம் எல்லாம் தேவையில்லை. எனக்கு அந்தச் சோதனை ஒஷாவாவில், ஒரு துவக்குக் கடையில் நடந்தது. (துவக்கு என்றால் எங்கள் ஊரில் துப்பாக்கி.)

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து சில வருடங்கள்தான். அந்தக் காலத்து என்னை இன்று தெருவில் கண்டால் நானே மற்றப் பக்கத்தால் போய்விடுவேன். முகத்துக்குப் பொருந்தாத மீசை, தோள்மூட்டில் பஞ்சு வைத்த ஜாக்கெற், உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம். (கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன்.)

நானும் சுகந்தியும் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், ஒரு அப்பார்ட்மென்றின் எட்டாம் மாடியில் இருந்தோம். நான் பகலில் வாளிகளுக்குப் பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சுகந்தி பின்னேரத்தில் ஒரு டோனட் கடையில் வேலை. ஒருநாள் எங்கள் மாடியிலேயே ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக் கதவை யாரோ உடைத்துவிட்டார்கள். ரீவியை விட்டுவிட்டு நகையை மட்டும் கொண்டு போயிருந்தார்கள். பிள்ளையின் கழுத்தில் போடும் பஞ்சாயுதச் சங்கிலிகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு சுகந்தி தன்னுடைய நகைகளை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் ஒளிக்கத் தொடங்கினாள். ஒளித்த இடம் பிறகு அவளுக்கே நினைவு வராது. ஒருநாள் நான் சமைத்த பருப்புக்குள் ஒரு காப்பு அவிந்து வந்தது. அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் நான் வேலைக்குப் போனதும் அவள் கதவுக்குச் சங்கிலி போட்டு, அதற்குக் குறுக்கே சாப்பாட்டு மேசையை இழுத்து வைத்துவிட்டு இருக்கிறாள் என்று ஒருநாள் தெரியவந்தது. லீவு கேட்டு நேரத்தோடு வந்தவன் என் வீட்டுக்குள் போக முடியாமல் வெளியே நின்றபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குள் இருந்த வீரன் கண் விழித்தான்.

வீரனுக்கு ஆலோசனை சொல்ல தேவண்ணை இருந்தார். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். என்னைவிட இரண்டு வருடம் முந்தி கனடாவுக்கு வந்தவர். அந்த இரண்டு வருடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டார் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

“தம்பி, ஒரு பம்ப் அக்ஷன் துவக்கு வேண்டி வை,” என்றார். “முன்னால ஒரு பிடி இருக்கும். அதைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினா ‘சடக் சடக்’ எண்டு ஒரு சத்தம் வரும். கள்ளன் கதவுக்கு வெளியில நிண்டே ஓடிடுவான்.”

“சுட வேண்டாமோ?”

“என்னத்துக்குச் சுடுறது? சத்தமே போதும்.”

சுட வேண்டிய அவசியமே இல்லாத துவக்கு. இதைவிட எனக்குப் பொருத்தமான ஆயுதம் இருக்க முடியாது என்று தோன்றியது. வீட்டுக்குப் போய் சுகந்தியிடம் சொன்னேன்.

“துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச வந்தனாங்கள். இப்ப என்னத்துக்கு அதை வேண்டப் போறம்?”

“அது வேற துவக்கு, இது வேற. இது எங்கட கையில இருக்கிற துவக்கு,” என்றேன். இந்த வாக்கியத்தை அன்று மிகவும் ஆழமானது என்று நினைத்திருந்தேன்.

துவக்கு வாங்குவதற்குப் பொலிஸிடம் அத்தாட்சி எடுக்க வேண்டும். ஆனால் தேவண்ணையின் கணக்கில் அது பிறகு பார்க்கிற விஷயம். “முதல்ல பொம்பிளையைப் பார். பிடிச்சா சாதகத்தைப் பாப்பம்,” என்றார். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் அவருடைய காரில் ஒஷாவாவுக்குப் போனோம். சுகந்தி வருவதாக ஏற்பாடு இல்லை. “வீட்டில வைக்கிற சாமான். நான் பாக்காமல் வேண்டப் போறியளோ?” என்று சேலைக்கு மேலே குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு முன் சீற்றில் ஏறிவிட்டாள்.

வழி முழுக்கத் தேவண்ணை எனக்குப் பாடம் நடத்தினார். “கள்ளனுக்கு எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லாதை. இந்த நாட்டில அது காரணமில்லை. வேட்டைக்கு எண்டு சொல்லு.”

கடையின் பாதியில் தூண்டில்கள், மற்றப் பாதியில் துவக்குகள். சுவரில் கொம்போடு ஒரு மான் தலை. கடைக்காரர் செம்பட்டைத் தாடி வைத்த பெரிய மனிதர், குரல் மட்டும் மெல்லியது. என்ன வேண்டும் என்று கேட்டார். பம்ப் அக்ஷன் என்றேன். எதற்கு என்றார். வேட்டைக்கு என்றேன். இதுவரைக்கும் பாடம் சரியாக வந்தது.

“என்ன வேட்டை?” என்று கேட்டார்.

இது பாடத்தில் இல்லை. நான் தேவண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திடீரென்று தூண்டில்களில் ஆர்வம் கொண்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

“வாத்து,” என்றேன்.

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. வாத்து வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் காட்டும் அன்போடு, வழக்கமாக எங்கே சுடுவீர்கள் என்று விசாரித்தார். நான் கனடாவில் வாத்துகளைக் கண்ட இடம் ஒன்றே ஒன்றுதான். “எங்கட பில்டிங்குக்குப் பக்கத்திலே ஒரு பார்க் இருக்கு,” என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “பிள்ளைகள் பாண் துண்டு போட எல்லா வாத்தும் கரைக்கு வரும். சுலபம்.”

அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று விளங்கியது. நிலைமையைச் சரிசெய்ய, “சனி, ஞாயிறில மட்டும்,” என்று சேர்த்துக்கொண்டேன்.

சுகந்திதான் எங்களைக் காப்பாற்றினாள். காப்பாற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை, சாமானைப் பார்க்கும் அவசரத்தில் எடுத்துக் காட்டச் சொன்னாள். கடைக்காரர் தயங்கியபடியே இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று மரப் பிடி வைத்தது, மற்றது முழுக்கக் கறுப்பு.

“இந்தக் கறுப்பில தூசி தெரியும்,” என்றாள். மரப் பிடியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். “இது எங்கட சோபாவின்ர நிறத்தோட சேரும். ஆனா நீட்டு. கதவுக்குப் பின்னால நிக்குமோ?”

“இதை வடிவு பாத்து வேண்டுறேல்லை,” என்றேன்.

“பின்ன, உங்களுக்கு வேற என்னத்தைப் பாத்து வேண்டத் தெரியும்?”

அவள் கடைக்காரரிடம் இதே நிறத்தில் கட்டையாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு கியாரண்டி எவ்வளவு காலம் என்று கேட்டாள். கடைசியாக, எந்தப் பொலிஷ் போட்டுத் துடைக்க வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். பார்க் வாத்துகளை மறக்க முயல்வது முகத்தில் தெரிந்தது.

நான் மரப் பிடித் துவக்கைக் கையில் எடுத்தேன். குடையைப் பிடிப்பது போலப் பிடித்திருக்க வேண்டும். ஏனென்றால் கடைக்காரர் மெதுவாகக் குழலைத் தொட்டு, தூண்டில் பக்கம் நின்ற தேவண்ணையிடமிருந்து அதைத் திருப்பிவிட்டார். பிறகு என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அந்தச் சத்தத்தை ஒருக்காப் போட்டுக் காட்டச் சொல்லு,” என்றார் தேவண்ணை அங்கிருந்தே.

நான் கேட்டேன். கடைக்காரருக்கு இது விளங்கிய கேள்வி. உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை திறந்து பார்த்து, எங்களுக்கும் காட்டினார். குழலை மேலே உயர்த்தினார். பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினார்.

சடக், சடக்.

அடுத்து எனக்கு நினைவில் இருப்பது கடையின் தரை. பச்சை லினோலியம். அதில் உருகிய பனியின் ஈரமும், பனிக்குத் தெருவில் போடும் உப்பும். நான் குப்புறக் கிடந்தேன். நானாகப் படுக்கவில்லை, சுகந்தி என் பெல்ற்றைப் பிடித்து இழுத்து விழுத்தியிருந்தாள். அவள் எனக்கு முந்தியே கீழே போய்விட்டாள். எனக்கு நேர் எதிரே, மழைச் சப்பாத்துகள் அடுக்கிய தட்டுக்குக் கீழே, தேவண்ணையின் கால்கள் தெரிந்தன. மூன்று பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் ஒரு சொல்லும் சொல்லாமல், ஒரே நேரத்தில் படுத்திருந்தோம்.

கடைக்காரர் பதறிவிட்டார். என்ன நடந்தது என்று பார்க்க மேசைக்கு மேலால் எட்டிக் குனிந்தார். துவக்கு கையிலேயே இருந்தது.

“எழும்பாதேங்கோ,” என்றாள் சுகந்தி மெல்லமாக. “அவன் இன்னும் வைச்சிருக்கிறான்.”

அப்போது நான் செய்ததை இன்றுவரை என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. ஊரில் துவக்கோடு ஒருவன் குனிந்து பார்த்தால் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான், அடையாள அட்டையை எடுத்து நீட்டுவது. அந்த அட்டையை ஐசி என்று சொல்லுவோம். சென்றியில், ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில், நின்று நின்று அது கைக்குப் பழகிய வேலை. என் கை தானாகப் பின் பொக்கற்றுக்குள் போய், பர்ஸைத் திறந்து, ஒன்ராறியோ சாரதி லைசென்ஸை எடுத்து, படுத்தபடியே கடைக்காரரிடம் நீட்டியது.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

“சேர்,” என்றார், “இது போதாது. பொலிஸ் அத்தாட்சி வேணும்.”

அந்த நேரம் பார்த்துக் கடைக் கதவு திறந்தது. ஒரு பெண்மணி உள்ளே வந்தார். அவர் கண்ட காட்சி இது: தரையில் மூன்று பேர். அவர்களுக்கு மேலே துவக்கோடு கடைக்காரர். ஒரு கையில் படுத்திருப்பவனின் லைசென்ஸ். அந்த அம்மா வந்த வழியே திரும்பிப் போனார். கொள்ளைக்காரரைக் கடைக்காரர் மடக்கிப் பிடித்துவிட்டார் என்று நினைத்தாரோ, கடைக்காரர்தான் கொள்ளையடிக்கிறார் என்று நினைத்தாரோ தெரியாது. நாங்கள் எழும்பித் தூசி தட்டிக்கொண்டிருக்கும்போது பொலிஸ் வந்துவிட்டது.

நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம். துவக்குக் கடையில் பொலிஸ் பிடித்தது என்று பதிவானால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தேவண்ணை தனக்கு எங்களைத் தெரியாது என்பது போல ஒரு தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சேர்ட்டின் முன்பக்கம் முழுக்கத் தரையின் ஈரம்.

வந்தவர் இளம் அதிகாரி. கடைக்காரர் நடந்ததைச் சொன்னார். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, ஏன் படுத்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. வாத்து என்ற சொல் மட்டும்தான் மிச்சம். நல்ல வேளையாக அதைச் சொல்லவில்லை.

சுகந்திதான் பேசினாள். டோனட் கடையில் பழகிய ஆங்கிலம், கட்டைக் கட்டையான வசனங்கள். “எங்கட நாட்டில் இந்தச் சத்தம் கேட்டால் படுப்போம். படுத்தவர்கள்தான் இஞ்ச வந்து சேர்ந்தோம்.”

கடைக்காரர் துவக்கை எடுத்துப் பின்னால் இருந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதிகாரி, உண்மையாகவே விளங்காமல்தான், கேட்டார்.

“அப்படியென்றால் ஏன் அதையே வாங்க வந்தீர்கள்?”

“அதைத்தான் நானும் வீட்டில் கேட்டேன்,” என்றாள் சுகந்தி, என்னைக் காட்டி.

அதிகாரி தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடுவது போலக் குனிந்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகத்தைச் சரிசெய்துவிட்டார். என் லைசென்ஸைக் கடைக்காரரிடமிருந்து வாங்கி என்னிடம் தந்து, கவனமாக வீட்டுக்குப் போகச் சொன்னார். கடைக்காரருக்கு மனம் கேட்கவில்லை. வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சுகந்தியின் கையில் வைத்தார். பல பனிக்காலங்கள் அவள் அந்தத் தொப்பியோடுதான் பஸ்ஸுக்கு நின்றாள். எந்த ட்ரைவரும் அவளை விட்டுவிட்டுப் போனதில்லை.

திரும்பி வரும்போது காருக்குள், ஸ்காபரோ எல்லைக்கு வந்த பிறகுதான் சுகந்தி சொன்னாள். “பக்கத்து வீட்டுக்காரருக்குக் களவு போனது பகலிலை, வீட்டில ஆரும் இல்லாத நேரம். நாங்கள் துவக்கு வேண்டி வைச்சிருந்தா அதையும் சேத்துத்தான் கொண்டு போயிருப்பான்.”

தேவண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். அடுத்த கிழமை கதவுக்கு நல்ல பூட்டாக ஒன்று போட்டோம். நகைகள் வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. சாப்பாட்டு மேசை தன் இடத்துக்கு வந்து, அதில் இருந்து சாப்பிடவும் தொடங்கினோம். குடியுரிமையும் பிசகாமல் கிடைத்தது.

ஆனால் கதை வீட்டை விட்டுப் போகவில்லை. நான் எதையாவது புதிதாக வாங்கப் போகிறேன் என்று சொன்னால் சுகந்தி, “வேட்டைக்கோ?” என்று கேட்பாள். இங்கே பிறந்த மகள் அபிராமி, குக்கர் விசில் அடித்தாலும் கார் ஹோர்ன் கேட்டாலும், “அப்பா, ஐசி,” என்பாள். ஐசி என்றால் என்ன என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. கண்டதும் இல்லை. இந்தக் கதையை எங்கள் எல்லோரையும்விட அவள்தான் நன்றாகச் சொல்லுவாள், ஒவ்வொரு தடவையும் புதிதாக எதையாவது சேர்த்து. அவளுடைய கதையில் அந்த மான் தலையும் என்னோடு சேர்ந்து படுத்துவிடும்.

போன வருடம் அவளுடைய கல்யாண வரவேற்பில், மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த பெரிய பலூன் ஒன்று வெடித்தது. என் வயதுக்காரர் இருந்த மேசைகளில் பல தலைகள் கீழே போய் வந்தன. கதிரைக் கால்கள் கிறீச்சிட்டன. மணப்பெண் கோலத்தில் இருந்த அபிராமி மைக்கை எடுத்து, “அப்பா, ஐசி ப்ளீஸ்,” என்றாள். இளசுகளும் பெரியவர்களுமாக மண்டபம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்கத்து மேசைக்காரர் கதையை விளங்கப்படுத்தத் தொடங்கினார்கள்.

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கையில் இருந்த லைசென்ஸை ஒருவரும் காணாமல் பர்ஸுக்குள் திரும்ப வைத்தேன்.